சொற்களுக்கு வரலாறு எழுதியவர்

நுழையும்முன்

ஆங்கிலம் கற்போர் கையில் நாள்தோறும் புழங்கும் நூல் அகராதி. ஐயம் எழும்போது திறக்கிறோம். பொருள் கிடைத்ததும் மூடிவிடுகிறோம். அந்த ஒற்றை வரிப் பொருளுக்குப் பின்னால் எத்தனை பேர் உழைத்தனர், எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கில மொழியின் மிகப் பெரிய அகராதியாகிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை உருவாக்குவதில் முப்பத்தாறு ஆண்டுகளைச் செலவிட்டு, அது நிறைவுறுவதைக் காணாமலேயே மறைந்தார் ஒருவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

தையற்காரரின் மகன்

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் ஹாயிக் என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்த டென்ஹோம் என்ற சிற்றூரில் 1837ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் ஜேம்ஸ் முர்ரே பிறந்தார். தந்தை தாமஸ் ஊர்த் தையற்காரர். வறுமை இல்லாவிடினும் வளமும் இல்லாத குடும்பம். மூத்த மகனை மேற்படிப்புக்கு அனுப்பும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. எனவே, பதினான்கு வயதோடு முர்ரேயின் பள்ளிப் படிப்பு முற்றுப்பெற்றது.

பள்ளி நின்றதே தவிரக் கல்வி நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த நூல்களை எல்லாம் அவர் கற்றார். இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மானியம், கிரேக்கம் என மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வசமாயின. ஒரே நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருந்தால் புதிய மொழியைக் கற்பது எளிது என்று கண்ட அவர், விவிலியத்தின் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளைத் தேடிச் சேர்த்தார். தெரிந்த மொழியின் பக்கத்தைத் தெரியாத மொழியின் பக்கத்தோடு வைத்து ஒப்பிட்டுக் கற்கும் இம்முறை இன்றும் மொழி பயில்வோருக்குக் கைகொடுப்பதாகும். செடிகொடிகள், பாறைகள், விண்மீன்கள், தொல்பொருள்கள் என அவருடைய ஆர்வம் எல்லைகளை அறியாதது. வீட்டு மாடுகள் இலத்தீன் பெயர் சொல்லி அழைத்தால் வரும்படி பழக்க முயன்றார் என்றுகூட ஒரு செய்தி உண்டு. மாடுகள் எவ்வளவு கற்றன என்பதைப் பற்றிச் செய்தி இல்லை.

பதினேழாம் வயதில் ஹாயிக் பள்ளியில் துணையாசிரியரானார். இருபதாம் வயதில் அவ்வூரின் வேறொரு கல்விக்கூடத்திற்குத் தலைமையாசிரியராக உயர்ந்தார். அவ்வட்டாரத்தில் ஜேம்ஸ் முர்ரே என்னும் பெயருடையோர் பலர் இருந்தமையால், தம்மை வேறுபடுத்திக் காட்ட அகஸ்டஸ் ஹென்றி என்னும் பெயர்களைத் தாமே இடையில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் ஒவ்வொரு சொல்லையும் அதனோடு குழம்பக்கூடிய பிற சொற்களிலிருந்து பிரித்துக் காட்டிய கைக்கு இது நல்ல தொடக்கம் எனலாம்.

துயரும் திருப்பமும்

1862இல் மேகி ஸ்காட் என்னும் இசை ஆசிரியையை முர்ரே மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண்குழந்தை காசநோயால் மழலைப் பருவத்திலேயே இறந்தது. மேகியையும் அந்நோய் பற்றியது. ஸ்காட்லாந்தின் கடுங்குளிரை அவருடைய உடல் தாங்காது என்று மருத்துவர்கள் கூறினர். மனைவியின் உயிரைக் காக்கும் பொருட்டு முர்ரே ஆசிரியப் பணியைத் துறந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது இந்தியாவோடு வணிகத் தொடர்புடைய சார்ட்டர்டு வங்கியில் எழுத்தர் வேலை. எனினும், மேகி ஓராண்டளவில் மறைந்தார்.

அடுத்து ஏடா ருத்வென் என்னும் பெண்மணியை 1867இல் மணந்தார். அத்திருமணத்தில் மணமகனின் தோழராக நின்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசியைக் கண்டறிந்த அதே பெல்தான். இளமையில் அவருக்கு மின்சாரத்தின் அடிப்படைகளைக் கற்பித்தவர் முர்ரே. ஏடாவோடு வாழ்ந்த இல்லறத்தில் பதினொரு குழந்தைகள் பிறந்தனர். அகராதிப் பணியின் பின்புலத்தில் கணக்கு, கடிதம், குடும்பம் மூன்றையும் தாங்கி நின்றவர் ஏடாவே. இன்னும் சொல்லப்போனால், அகராதிப் பொறுப்பை ஏற்கத் தயங்கிய கணவரை ஊக்கியவரும் அவரே.

வங்கியில் பகற்பொழுது கழிந்தாலும் முர்ரேயின் உள்ளம் சொற்களிலேயே உழன்றது. நூலகப் பணி வேண்டி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விண்ணப்பித்தார். தாம் அறிந்த மொழிகளை அவ்விண்ணப்பத்தில் நீண்ட பட்டியலாக எழுதியிருந்தார். வேலை கிடைக்கவில்லை. அந்தத் தோல்வியை எண்ணி இன்று ஆங்கில உலகம் மகிழலாம். 1870இல் இலண்டனுக்கு அருகில் மில்ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். தம் தாய்நிலமாகிய தென் ஸ்காட்லாந்தின் வட்டார வழக்கை ஆராய்ந்து 1873இல் அவர் வெளியிட்ட நூல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. பல்கலைக்கழக வாயிலை மிதிக்காத அவருக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

பாதியில் நின்ற பெருந்திட்டம்

தமிழில் நிகண்டு மரபு நெடுங்காலமாக வாழ்ந்தது. அகரவரிசையில் சொற்பொருள் தரும் சதுரகராதியை வீரமாமுனிவர் 1732இல் இயற்றினார். ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது 1755இல். நூறாண்டுகள் அதுவே ஆங்கிலேயரின் சான்று நூலாக விளங்கியது. ஆனால், 1857இல் இலண்டன் மொழியியல் கழகக் கூட்டத்தில் ரிச்சர்டு டிரெஞ்ச் என்னும் அறிஞர் அதுவரை வெளிவந்த அகராதிகளின் குறைகளை எடுத்துரைத்தார். சொற்களைத் தொகுப்பவர் நல்ல சொல், தீய சொல் என்று தீர்ப்புக் கூறலாகாது. மொழியிலுள்ள சொற்கள் அனைத்தையும் பதிவு செய்யும் வரலாற்றாசிரியராக இருத்தல் வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எவ்வெவ்வாறு பொருள் மாறியது, எப்போது வழக்கொழிந்தது என்பனவற்றைச் சான்றுகளோடு காட்டும் புதிய அகராதி வேண்டும் என்று கழகம் முடிவு செய்தது.

முதற்பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ். சொற்சீட்டுகளை அடுக்குவதற்கு அவர் ஐம்பத்து நான்கு சிற்றறைகள் கொண்ட பலகைப்பெட்டி ஒன்றைச் செய்வித்தார். அது நிறைந்துவிட்டால் போதும் என்று அப்போது எண்ணினர். முப்பது வயதிலேயே காசநோய்க்கு அவர் இரையானார். அவருக்குப் பின் வந்த ஃபர்னிவால் ஆர்வம் மிக்கவர், பொறுமை குறைந்தவர். தொண்டர்களுக்குக் கடிதங்கள் பறந்தன, சீட்டுகள் குவிந்தன, பிறகு எல்லாம் சோர்ந்து கிடந்தன.

இந்நிலையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது. 1879ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் முர்ரே பதிப்பாசிரியராக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். பத்து ஆண்டுகள், நான்கு தொகுதிகள், ஏறத்தாழ ஏழாயிரம் பக்கங்கள் என்பது திட்டம். உதவியாளர்களின் ஊதியத்தையும் முர்ரே தமக்கு வரையறுக்கப்பட்ட தொகையிலிருந்தே கொடுக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் எதிர்பார்ப்பு பெரிது, கணக்கு சிறிது. பின்னாளில் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

இரும்புக் கொட்டகை

மில்ஹில்லில் தம் வீட்டுத் தோட்டத்தில் நெளிதகரத்தால் ஒரு கொட்டகையை முர்ரே எழுப்பினார். இடைக்காலத் துறவிகள் ஏடு படியெடுத்த கூடத்தின் பெயரை அதற்குச் சூட்டி ஸ்கிரிப்டோரியம் என்றார். சுவர்களில் ஆயிரத்து இருபத்தொன்பது சிற்றறைகள் அமைத்தார். கோல்ரிட்ஜின் ஐம்பத்து நான்கோடு ஒப்பிட்டால் இருவருடைய கணிப்பும் விளங்கும்.

ஃபர்னிவாலிடமிருந்து வந்து சேர்ந்த சீட்டுகளின் எடை ஏறத்தாழ இரண்டு டன். அவை வந்த கோலம் இரங்கத்தக்கது. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலி குட்டிகளோடு குடியிருந்தது. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் ஆளில்லாத வீடொன்றில் அடி கிழிந்த கூடையில் கிடந்தன. மற்றொன்றின் சீட்டுகள் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அகப்பட்டன. 'பி' எழுத்தின் ஒரு பகுதியைத் தேடிப் போனபோது, அது அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் அடுப்பெரிக்கப் பயன்பட்டு வந்தது தெரிந்தது. எஞ்சியவற்றை மீட்டனர்.

பழைய சீட்டுகளை நம்பிப் பயனில்லை என்று உணர்ந்த முர்ரே, ஆங்கிலம் பேசுவோர்க்கும் படிப்போர்க்கும் பொது வேண்டுகோள் ஒன்றை அச்சிட்டு வழங்கினார். வேண்டியது பணமன்று, படிப்பு. நூல் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கவனத்தோடு படிக்க வேண்டும். குறிப்பிடத்தக்க சொல் வரும் தொடரை அரைத்தாளில் எழுத வேண்டும். தாளின் மேலே இடப்பக்க மூலையில் சொல், அதன் கீழ் நூலின் ஆண்டு, ஆசிரியர், நூற்பெயர், பக்க எண், பின்னர் அத்தொடர் என்பது ஒழுங்கு. இவ்வளவே ஒரு சொற்சீட்டு. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சீட்டுகள் வந்தன. ஆசிரியர்கள், பாதிரியார்கள், மருத்துவர்கள், வீட்டிலிருந்த பெண்கள் எனப் பலதிறத்தார் அனுப்பினர். பல்லாண்டுப் பணியில் குவிந்த சீட்டுகள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம். ஊதியம் எதுவுமில்லை.

ஆயினும், தொண்டர்களிடம் ஒரு குறை தென்பட்டது. அரிய சொற்கள் அவர்கள் கண்ணில் உடனே பட்டன. எளிய சொற்கள் படவில்லை. வழக்கொழிந்த 'அபியூஷன்' என்னும் சொல்லுக்கு ஐம்பது சான்றுகள் இருக்க, நாள்தோறும் வழங்கும் 'அபியூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்து சான்றுகள்கூட இல்லை என்பதை முர்ரே கண்டார். ஒரு மொழியின் உயிர் அதன் எளிய சொற்களில்தான் இருக்கிறது. 'போ', 'வா', 'எடு', 'வை' போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் நிகரான சொற்களே அகராதியில் பல பக்கங்களை நிரப்புகின்றன. அவையே பதிப்பாசிரியரின் நாள்களை விழுங்கின. விட்டுப்போன அச்சான்றுகளை முர்ரேயும் உதவியாளர்களும் தாமே நூல்களில் தேட வேண்டியதாயிற்று.

ஒரு சொல் அச்சேறும் வழி

வந்த சீட்டுகளை முதலில் அகரவரிசையில் பிரிப்பர். இவ்வேலையில் முர்ரேயின் குழந்தைகளே ஈடுபட்டனர். வயதுக்கேற்ற சிறு கூலியும் பெற்றனர். குடும்பத்துக் குழந்தைகளின் கைச்செலவுப் பணம் இவ்வாறே வந்தது. அடுத்து, ஒரே சொல்லுக்குரிய சீட்டுகளைக் காலவரிசைப்படுத்துவர். பின்னர் உதவியாளர் ஒருவர் அவற்றைப் பொருள் நோக்கிச் சிறு கட்டுகளாகப் பிரிப்பார். இறுதியாக முர்ரே அமர்வார். பொருள்கள் எவ்வரிசையில் கிளைத்தன என்று முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, சொற்பிறப்பைக் காட்டி, ஒலிப்பைக் குறிப்பார். அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கு அப்போது உருவாகவில்லை. எனவே, ஒலிப்புக் குறிகளையும் அவரே வகுத்தார். பக்கத்தைப் பார்த்தவுடன் எது சொல், எது விளக்கம், எது சான்று என்று கண் பிரித்தறியும் வண்ணம் வெவ்வேறு எழுத்துருக்களைத் தேர்ந்தவரும் அவரே. இன்றைய அகராதிகளில் நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பல ஒழுங்குகள் அந்தக் கொட்டகையில் முடிவு செய்யப்பட்டவை.

நூலில் விடை கிடைக்காதபோது கடிதம் எழுதினார். செடியொன்றின் பெயர் எப்போது ஆங்கிலத்திற்கு வந்தது என்று கியூ தாவரவியல் பூங்காவிற்கு எழுதினார். பூச்சியைக் குறிக்கும் ஒரு சொல்லை எங்கிருந்து பெற்றார், என்ன பொருளில் ஆண்டார் என்று கவிஞர் டென்னிசனையே கேட்டார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது ஊகிப்பானேன் என்பது அவருடைய நேர்மை.

'ஏ' முதல் 'டி' வரையுள்ள எழுத்துகள் முர்ரேயின் பொறுப்பில் அமைந்தமையால், தமிழ்ச் சொற்கள் சிலவும் அவர் கைவழியே அச்சேறின. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகவும், சுருட்டு 'செரூட்' ஆகவும், கறி 'கறி' ஆகவும் அவ்வகராதியில் தமிழ் மூலத்தோடு இடம்பெற்றன. தமிழகக் கடற்கரையில் ஐரோப்பிய வணிகர் காதில் விழுந்த சொற்கள் ஆங்கிலத்துக்குள் எவ்வாறு நடந்தன என்பதற்கு அவையே சான்று.

பணம், காலம், பூசல்

1884இன் தொடக்கத்தில் முதற்பகுதி வெளிவந்தது. 352 பக்கங்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்தும் 'ஏ' எழுத்துக்கூட முடியவில்லை; 'ஆன்ட்' என்னும் சொல்லோடு அப்பகுதி நின்றது. பத்து ஆண்டுகளில் முழு மொழியையும் முடிப்பதாக எழுதிய ஒப்பந்தத்தின் பாதிக்காலம் கழிந்திருந்தது.

அச்சக நிருவாகத்தினர் கலங்கினர். பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பெஞ்சமின் ஜோவெட் முன்னுரையைத் தாமே திருத்தி எழுதினார். சான்றுகள் எடுக்கும் முறையையும் மாற்றச் சொன்னார். முர்ரே வளைந்து கொடுக்கவில்லை. பணியை விட்டு விலகவும் துணிந்தார். வங்கியாளரும் அகராதித் தொண்டருமான ஹென்றி ஹக்ஸ் கிப்ஸ் இடைநின்று சமன் செய்தார். கடன் கொடுத்தும் உதவினார். முர்ரேக்கும் ஜோவெட்டுக்கும் பின்னர் மலர்ந்த நட்பு குறிப்பிடத்தக்கது. தம் கடைசி மகனுக்கு முர்ரே ஜோவெட்டின் பெயரையும் சேர்த்தே வைத்தார்.

இப்பூசலில் நியாயம் ஒருபக்கம் மட்டும் இருந்ததாகக் கூற இயலாது. அச்சகத்தாரின் பணம் கரைந்துகொண்டிருந்தது, வாங்கியவர்கள் காத்துக்கொண்டிருந்தனர். விரைவு வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் பிழையில்லை. ஆனால், சான்றில்லாத பொருளை எழுதினால் பிழையான ஒரு வரி நூறாண்டுகள் மாணவர்களைத் தவறான வழியில் நடத்தும் என்பதை முர்ரே அறிந்திருந்தார். அவர் தம் வேலை நேரத்தைக் கூட்டினாரே அன்றித் தரத்தைக் குறைக்க இசையவில்லை. வாரத்தில் எண்பது, தொண்ணூறு மணி நேரம் உழைத்தார்.

ஆசிரியப் பணியையும் அகராதிப் பணியையும் ஒருங்கே செய்ய முடியாத நிலையில் 1885இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். பான்பரி சாலையில் 78ஆம் எண் வீட்டின் பின்புறம் புதிய இரும்புக் கொட்டகை எழுந்தது. தம் வீட்டிலிருந்து காணும் காட்சியை அது கெடுக்கும் என்று அண்டை வீட்டார் முறையிட்டதால், தரையை மூன்றடி அளவு தோண்டி அதனைத் தாழ்த்திக் கட்டினர். விளைவு, ஈரமும் குளிரும். பனிக்காலத்தில் தடித்த மேலங்கி அணிந்து, கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு முர்ரே எழுதினார். உலகமெங்கும் புகழப்பட்ட நூலின் ஆசிரியர் குளிரில் நடுங்கியபடி குழியில் அமர்ந்திருந்தார் என்பதை அந்நகரம் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

1888 முதல் ஹென்றி பிராட்லி இரண்டாம் பதிப்பாசிரியராகத் தனிக்குழுவோடு பணியாற்றினார். முதற்பகுதிக்கு அவர் எழுதிய நுட்பமான மதிப்புரையே அவரை அப்பணிக்குக் கொண்டுவந்தது. 1901இல் வில்லியம் கிரெய்கியும் 1914இல் ஆனியன்ஸும் பதிப்பாசிரியர்களாயினர்.

முகம் காணாத தொண்டர்கள்

தொண்டர்களுள் இருவர் தனித்து நினைக்கத்தக்கவர்கள். ஒருவர் ஃபிட்செட்வர்டு ஹால். அமெரிக்கரான அவர் காசியில் அரசுக் கல்லூரியில் பணியாற்றிய வடமொழி அறிஞர். ஒரு பூசலுக்குப் பின் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நாள்தோறும் நான்கு மணி நேரம் அகராதியின் மெய்ப்புகளைத் திருத்தினார். முர்ரேயும் அவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

மற்றொருவர் வில்லியம் செஸ்டர் மைனர். 1834இல் இலங்கையில் பிறந்தவர். அவருடைய தந்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சாளராக இருந்தார். யாழ்ப்பாண அகராதி எனப் பெயர்பெற்ற தமிழ் அகராதி 1842இல் வெளிவந்தது அவ்வச்சகத்திலிருந்தே. தமிழ் அகராதி அச்சான சூழலில் வளர்ந்த சிறுவன் பின்னாளில் ஆங்கில அகராதிக்குத் தொண்டரானது வியப்புக்குரிய பொருத்தம். மைனர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். மனநோய் அவரைப் பற்றியது. 1872இல் இலண்டனில், தம்மைக் கொல்ல வருகிறார் என்று மயங்கி, வேலைக்குச் சென்றுகொண்டிருந்த தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டார்.

அவ்வறையில் நூல்கள் நிறைந்தன. முர்ரேயின் வேண்டுகோளைக் கண்ட மைனர் தமக்கெனத் தனிமுறை ஒன்றை வகுத்தார். பழைய நூல் ஒவ்வொன்றிலும் உள்ள சொற்களுக்குப் பக்க எண்ணோடு பட்டியல் தயாரித்து வைத்தார். கொட்டகையில் இப்போது எச்சொல் நடைபெறுகிறது என்று எழுதிக் கேட்பார். அச்சொல்லுக்குரிய சான்றுகளை மட்டும் உடனே அனுப்புவார். தேவைப்படும் நாளில் தேவைப்படும் சீட்டு வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இது தொடர்ந்தது.

மைனரை மருத்துவமனையின் மருத்துவர் என்றெண்ணிச் சென்ற முர்ரே, அங்கே அவர் கைதி என்றறிந்து திடுக்கிட்டார் என்றொரு கதை பரவியுள்ளது. சுவையான கதை, உண்மையன்று. 1891இல் முதன்முறை சந்திக்கச் செல்வதற்கு முன்பே, அமெரிக்க நூலகர் ஒருவர் வாயிலாக முர்ரே செய்தியை அறிந்திருந்தார். அறிந்தே சென்றார், நண்பராகவே பழகினார், பலமுறை சென்று கண்டார். 1910இல் உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் ஆணைப்படி மைனர் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார்.

விடுபட்ட சொற்கள்

இத்தனை கவனத்திலும் பிழைகள் நேர்ந்தன. 'அப்பென்டிசைட்டிஸ்' என்னும் குடல்வால் அழற்சியின் பெயர், மருத்துவர்க்கு மட்டும் உரியது என்று கருதப்பட்டு விலக்கப்பட்டது. 1902இல் அந்நோயால் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவே தள்ளிவைக்கப்பட்டது. உலகம் முழுவதும் உச்சரித்த சொல் உலகின் பெரிய அகராதியில் இல்லை. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' என்ற சொல்லின் கதை வேறு. சீட்டுகள் இருந்தன, எழுதியும் முடித்தனர், எங்கோ தவறவிட்டுவிட்டனர். 'பி' எழுத்து அச்சாகிப் பல்லாண்டுகள் ஆன பின்னரே அது தெரியவந்தது. இலட்சக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவே தவறிய அந்த ஒன்று முர்ரேயை வருத்தியது.

நிறைவைக் காணாத கண்கள்

1908இல் முர்ரேக்கு சர் பட்டம் அளிக்கப்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் வழங்கின. தான் வெளியிடும் நூலுக்கு வாழ்வையே கொடுத்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளித்தது 1914இல்தான். எந்தக் கல்லூரியும் அவரைத் தன் உறுப்பாசிரியராக ஏற்கவில்லை.

அகராதி முடியும் முன்பே அதன் பயன் மாணவர்களைச் சென்றடைந்தது. வெளிவந்த பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு ஃபவுலர் உடன்பிறந்தார் இருவர் 1911இல் ஒரு கையடக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை வெளியிட்டனர். பெரிய அகராதி அப்போது எட்டியிராத கடைசி எழுத்துகளுக்கு அவர்கள் தாமே வழி தேட வேண்டியிருந்தது.

தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1917இல் அகராதியை முடித்துவிட வேண்டும் என்று முர்ரே விரும்பினார். உலகப்போர் இளம் உதவியாளர்களைக் களத்திற்கு இழுத்துக்கொண்டது. முதியவரின் உடலும் தளர்ந்தது. 'டி' ஒலியில் தொடங்கும் சொற்களுள் இரண்டாவது எழுத்தாகிய, நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தில் அவர் உழைத்துக்கொண்டிருந்தார். 1915 ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் தம் கொட்டகையில் உதவியாளர்களோடும் மகள்கள் எல்சி, ராஸ்ஃப்ரித் ஆகியோரோடும் ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். அம்மாதம் 26ஆம் நாள் நுரையீரல் உறை அழற்சியால் காலமானார். வயது எழுபத்தெட்டு. உல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில், சீனச் செவ்வியல் நூல்களை மொழிபெயர்த்த நண்பர் ஜேம்ஸ் லெக்கின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அகராதி 1928 ஏப்ரலில் நிறைவுற்றது. பத்துத் தொகுதிகள், 15,490 பக்கங்கள், 4,14,825 தலைச்சொற்கள், பதினெட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட சான்றுத் தொடர்கள். அப்பக்கங்களுள் ஏறத்தாழ பாதி முர்ரே ஒருவரின் பதிப்பு. சிறுமியாய்ச் சீட்டுப் பிரித்த ராஸ்ஃப்ரித் அந்நாள்வரை பணியில் இருந்தார். தவறிப்போன 'பாண்ட்மெய்டு' 1933இல் வெளிவந்த இணைப்புத் தொகுதியில் தன் இடத்தைப் பெற்றது.

முர்ரே ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த காலத்தில், அவருக்கு வந்துபோன கடிதங்களின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சல் துறை அவ்வீட்டின் வாயிலிலேயே ஓர் அஞ்சற்பெட்டியை நட்டது. ஊர்ப்பெயரும் அவர் பெயரும் மட்டும் எழுதினாலே கடிதம் சென்று சேர்ந்த நாள்கள் அவை. இரும்புக் கொட்டகை இன்று இல்லை. அந்தச் சிவப்பு அஞ்சற்பெட்டி பான்பரி சாலையில் இன்றும் நிற்கிறது. அத்தெருவினர் அதில் கடிதங்கள் இடுகின்றனர்.